ஞாயிற்றுக்கிழமைக்குப் போன சிங்கப்பூர் விமானம்

விமானத்தின் நேரத்தை மாற்றுவது கம்பெனிக்காரன். அதற்கு வசவு வாங்குவது டிக்கெட் போட்டுக் கொடுத்தவன். டிராவல்ஸ் கடையில் ஒரு நாளாவது உட்கார்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பட்டுக்கோட்டையில் ஓர் உரக்கடையின் மாடியில் எங்கள் கடை. கம்ப்யூட்டர் வராத காலம். ஓர் ஐப்பசியில், வியாழக்கிழமை சிங்கப்பூர் விமானம் இனி ஞாயிற்றுக்கிழமைதான் என்று சென்னையிலிருந்து போன் வந்தது. வெளியே விடாத மழை. ஜன்னல் வழியே பார்த்தால் கடைத்தெருவே தண்ணீரில் மெல்ல மிதந்து போவதுபோல் இருந்தது. அந்த வாரம் புறப்பட இருந்த மூன்று பேருக்கும் ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினேன்.

உலகப் படத்தில் ஒரு விரல்

முதலில் வந்தது முத்துப்பேட்டை சபியா. கல்யாணமான கையோடு கணவர் சிங்கப்பூர் போய்விட்டார். இப்போதுதான் இவளுக்கு விசா கிடைத்திருந்தது. கூட வந்த அண்ணன் மேசையைத் தட்டிக் கத்தினார். அவளோ சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தின் முன்னால் நின்று, சென்னையிலிருந்து சிங்கப்பூர் வரை விரலால் மெதுவாகக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

“இது முழுக்கக் கடலா?” என்றாள். “கடல்தாம்மா” என்றேன். கத்திக்கொண்டிருந்த அண்ணனும் சத்தத்தை நிறுத்திவிட்டு அந்த விரலையே பார்த்தார். “கோவிச்சுக்காதம்மா, மூணு நாள்தானே” என்றேன். படத்திலிருந்து விரலை எடுக்காமலே சொன்னாள்: “நான் வியாழக்கெழமையே போயிட்டேண்ணே; இந்த ஒடம்ப மட்டும் ஞாயித்துக்கெழமை அனுப்பி வைங்க.”

ஒரே பெஞ்சில் இரண்டு பேர்

சந்தானம் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர்; லீவில் ஊருக்கு வந்திருந்தார். ஒரத்தநாடு பக்கம் அப்பா விட்டுப்போன நிலம். அதைக் குத்தகைக்குப் பயிர் செய்தவர் முருகையன். சந்தானம் விற்க வேண்டும் என்றார். முருகையன் நிலத்தை விட்டு இறங்கமாட்டேன் என்றார். கரை வேட்டிக்காரர்கள் ஒரு பக்கம், சிவப்புத் துண்டுக்காரர்கள் ஒரு பக்கம் என்று ஊரே பிரிந்து நின்றது. சந்தானம் விமானம் ஏறியதும் நடவு முடிந்த பயிரை டிராக்டர் விட்டு உழுதுவிடுவதாக அவர் மைத்துனர் சொல்லியிருந்தார்.

வேறு விமானம் கேட்டு சந்தானம் கடைக்கு வந்தார். அவரைப் போகவிடாமல் கெஞ்சிப் பார்க்க, பின்னாலேயே முருகையனும் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். கடையில் இருந்தது ஒரே பெஞ்ச். சென்னைக்குப் பதிந்த டிரங்க் கால் கிடைக்கவே இல்லை. ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்து மழையையே பார்த்தார்கள். வெகுநேரம் கழித்து, தூக்கத்தில் பேசுவதுபோல சந்தானம் கேட்டார்: “வாய்க்கால் ஒடைச்சுக்கிட்டா?” “மடைய வெட்டி விட்டுட்டேன் தம்பி, பயிருக்கு ஒண்ணுமில்ல.” அங்கிருந்து பேச்சு ஊர்ந்து ஊர்ந்து நிலத்துக்கு வந்தது. தை அறுப்பு வரை யாரும் வயலில் கைவைப்பதில்லை, பிறகு நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு முருகையனுக்கு என்று முடிந்தது.

சென்னை லைன் கிடைத்தபோது சந்தானம், “ஞாயிற்றுக்கிழமையே இருக்கட்டுங்க” என்றார். படியிறங்கும்போது முருகையன் அவரிடம் சொன்னார்: “அடுத்த தடவையும் இந்தக் கம்பெனியிலயே டிக்கெட் போடுங்க தம்பி.”

ஜன்னலோரம்

மூன்றாவது ஆள் செல்வராசு. பேராவூரணிப் பக்கம் காலனித் தெருவிலிருந்து முதல்முதலாக விமானம் ஏறப்போகிறவன். சனிக்கிழமைக்குள் போய் இறங்காவிட்டால் அவனுடைய வேலை பர்மிட் செல்லாது. நான் போனைக் கீழே வைக்கவே இல்லை. கடைசியில் கொழும்பு வழியாக, வெள்ளிக்கிழமைக்கு ஒரே ஓர் இடம் கிடைத்தது. செல்வராசு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

அவனுடைய அப்பா வாசற்படியைத் தாண்டவில்லை. பண்ணையில் ஏர் ஓட்டியே வயதானவர். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வராமல், அங்கிருந்தே கேட்டார்: “அதுல எங்க ஆளுகளுக்குத் தனி எடமா சார்?” நான் எழுந்துபோய் அவர் பக்கத்தில் நின்று, “இல்லீங்க, எல்லாரும் ஒண்ணாத்தான். உங்க பையன் எங்க வேணா உக்காரலாம்” என்றேன். கொழும்பு விமானம் நம் வேதாரண்யம் கரைப்பக்கமாகத்தான் போகும் என்றும் சொன்னேன். மழையில் வெளிறிய வானத்தைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். “அப்ப ஜன்னலோரமாப் போடுங்க சார், நான் உழுத வயலையெல்லாம் எம்மவன் மேலேருந்து பாக்கட்டும்.”

சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு விமானம் கிளம்பிய வாரங்களும் நிறைய இருந்தன. அவற்றைப் பற்றிச் சொல்லத்தான் என்னிடம் ஒன்றுமே இல்லை.