படத்தில் இல்லாத ஒழுங்கை

எங்கள் பிரதேச சபையில் நான் எழுதுவினைஞராக இருந்தேன். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. உறுப்பினர்கள் பேசியதில் பாதியை விட்டுவிட்டு, மீதியை மனிதர் பேசியதுபோல் ஆக்குவதுதான் அதில் உள்ள திறமை.

யுத்தம் முடிந்த கையோடு அபிவிருத்தி வந்து இறங்கியது. வாவிக்கரையையே மாற்றப்போகும் பெருந்திட்டம்: நடைபாதை, விடுதிகள், படகுச் சவாரி. கொழும்பிலிருந்து வந்த திட்ட நிபுணர் சபை மேசை கொள்ளாத வரைபடம் ஒன்றை விரித்தார். பச்சை பூங்காவுக்கு, மஞ்சள் குடியிருப்புக்கு, ரோஸ் விடுதிகளுக்கு. வங்கி கடன் தரும். ஆனால் ரோஸ் பூசிய இடத்தில் ஆள் குடியிருக்கக் கூடாது.

உறுப்பினர்கள் ஆழமாக ஆராய்ந்தார்கள். ஒருவர் நடைபாதையைத் தன் கடை வாசலால் கொண்டுபோக முடியுமா என்று கேட்டார். கிரானில் வயல் செய்யும் மற்றவர், "வட்டையில தண்ணி நிக்கிது, கெதியா முடியுங்க" என்றார். மூன்றாமவர் மட்டும், "கடனை ஆர் கட்டுற?" என்று கேட்டுவிட்டார்.

"பின்னால வாற சபை கட்டும்" என்றார் தவிசாளர். எல்லோருக்கும் பரம திருப்தி.

அப்போதுதான் எட்டி வரைபடத்தைப் பார்த்தேன். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் எங்கள் நிலத்துண்டு முழுவதும் ரோஸ். தெருவென்று சொல்ல முடியாத எங்கள் ஒடுங்கிய ஒழுங்கையைக் காணவில்லை. இருபது வீடுகளையும் காணவில்லை, அதில் என் வீடும் ஒன்று. எழுதுவினைஞர் கூட்டத்தில் வாய் திறக்கக் கூடாது. திறந்தேன்.

"ஐயா, இதுல எங்கட வீடுகள் இரிக்கு."

நிபுணர் குனிந்து தேடினார். "படத்தில் இல்லையே" என்றார்.

பிறகுதான் விஷயம் வெளித்தது. வரைபடத்துக்கு அடிப்படையான படத்தை வானத்திலிருந்து எடுத்தது சுனாமி வந்துபோன மறு கிழமை. அப்போது எங்கள் ஒழுங்கையில் வீடு இல்லைதான். நாங்கள் பாடசாலைத் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். அதன்பின் வீடு கட்டி, பிள்ளை பெற்று, முருங்கை நட்டதெல்லாம் படத்துக்குத் தெரியாது. கடல் ஒருமுறைதான் அழித்தது. இவர்கள் அந்த அழிவைப் படமாகப் பத்திரப்படுத்தி வைத்து மறுபடி அழிக்கப் பார்த்தார்கள்.

தவிசாளரைப் பார்த்தேன். என் வீட்டு நாடாவை வெட்டித் திறந்துவைத்தவரே அவர்தான். அவர் பெயர் பொறித்த கல் என் வாசற்சுவரில் இருக்கிறது. அன்று பால்சோறு இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இப்போது அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் படிச்ச மனிசன் புள்ள. நீங்க எழுதுங்க" என்றார்.

ஆத்திரத்தில் பேனை தாளைக் கிழித்தது. ஆனாலும் எழுதினேன்: காணி வெறுமையானது என அறியப்பட்டது. எழுதிவிட்டு, அந்த வெறுங்காணிக்குப் போய் உலை வைத்தேன்.

ஆட்சேபனையை எழுத்தில் தரலாம் என்று சட்டம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒழுங்கைக்காரர் எல்லோருக்கும் மனு எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை அலுவலகத்தில் நானே அவற்றைப் பெற்று முத்திரை குத்தினேன். சபையின் பதிலைத் தட்டச்சுச் செய்ததும் நான்தான்: 'மேற்படி இடத்தில் வீடுகள் இல்லாமையால் தங்கள் ஆட்சேபனை நிராகரிக்கப்படுகிறது.' ஒவ்வொரு கடிதத்திலும் பெயர், வீட்டிலக்கம், ஒழுங்கை எல்லாம் பிசகாமல் அடித்தேன். தவிசாளர் தன் பெயரைக் கண்ட இடத்தில் கையெழுத்துப் போடுவாரே தவிர, மேலே இருப்பதை வாசிக்கும் பழக்கம் இல்லை. இருபதையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதில் கள்ளம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. தபால்காரர் வீடு வீடாக மணியடித்துக் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த கூட்டத்துக்கு ஒழுங்கையே திரண்டு வந்தது. அடுத்த வீட்டு அக்கா தன் கடிதத்தை வரைபடத்தின் மேலேயே விரித்தார்.

"வீடில்லாட்டி இத எங்ககா கொண்டுவந்து தந்த?"

கடன் விஷயமாக அன்று வந்திருந்த வங்கி அதிகாரி கடிதத்தை இரண்டுமுறை வாசித்துவிட்டுத் தன் கோப்பை மூடினார். மூடிய கோப்பைக் கண்டதும் தவிசாளருக்கு ஞாபகம் திரும்பியது. "அந்த வீடெல்லாம் நான் திறந்து வெச்சதுதானே" என்றார், பெருமையாக. எங்கள் ஒழுங்கை மஞ்சளானது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ஆனால் கடன் வேண்டும் என்றால் ரோஸ் எங்காவது இருக்க வேண்டுமே. நிபுணரின் பென்சில் எங்களைத் தாண்டி வாவிக்கரையோரமாக நகர்ந்து நின்றது. யுத்தத்தில் ஊர் விட்டு வந்த மீன்பிடிக் குடும்பங்கள் அங்கே தென்னங்கிடுகுக் குடிசைகளில் இருந்தன. காலையில் நான் மீன் வாங்குவது அவர்களிடம்தான். முதல்முறையாக நிபுணர் என் பக்கம் திரும்பி, மரியாதையாகக் கேட்டார்:

"அங்கே வீட்டிலக்கம் ஏதும் இருக்கிறதா?"

"இல்லை" என்றேன். அவர் கேட்டது அவ்வளவுதான். நானும் அவ்வளவுதான் சொன்னேன்.