தானாக விட்டுக்கொடுத்தவர்

பாலனுக்காக ஒன்பது கடிதங்கள் டைப் அடித்தேன். எல்லாவற்றிலும் அவன் கோபத்தைவிட என் கோபம்தான் அதிகம். தேவராஜ மொஹல்லாவில் டைப்பிங் கடை வைத்திருப்பவள், வந்தவர் சொன்னதை அடித்துக் கொடுத்தால் போதும் என்பார்கள். என்னால் முடியவில்லை.

பாலன் மைசூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஆபரேட்டர். 1995இல் புது மெஷின் பழக அவனை ஜெர்மனிக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது வாரம் இங்கே அவன் அப்பா இறந்துபோனார். மூத்த மகன் வரட்டும் என்று உடலை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அவனும் உறுதியான டிக்கெட்டோடு விமான நிலையத்துக்கு ஓடினான். இருக்கிற இடத்துக்கு மேல் டிக்கெட் விற்றிருந்த மகானுபாவர்கள், இடமில்லை, நாளைக்குப் போ என்றார்கள். தங்குவதற்கு ஓட்டல் என்று சொல்லி ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். அவன் ஊர் வந்து சேர்வதற்குள் தம்பி சந்திரன் கொள்ளி வைத்துவிட்டான்.

அங்கே பயிற்சி தந்தவர் பிறகு ஒரு சட்ட நகலைத் தபாலில் அனுப்பினார். இப்படி ஏற்ற மறுத்தால் நஷ்டஈடு தர வேண்டும் என்று ஐரோப்பாவில் 1991லிருந்தே விதி இருக்கிறது. விமானக் கம்பெனிக்கு எழுதினோம். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. பயணி தன் இடத்தைத் தானாக விட்டுக்கொடுத்தார், கையெழுத்து இருக்கிறது, தருவதற்கு ஒன்றுமில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவின் உடல் காத்திருக்கும்போது எந்த மகன் தானாக விட்டுக்கொடுப்பான்? போதாததற்கு, அந்தப் பதில் அப்பா வீட்டு முகவரிக்குப் போனது. பிரித்துப் படித்தவன் சந்திரன். ஓட்டலில் சொகுசாகத் தூங்குவதற்காக அண்ணன் எழுதிக் கொடுத்துவிட்டான் என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டான்.

நான் விடவில்லை. என்ன தாள் என்று சொல்லாமல் வாங்கிய கையெழுத்து செல்லாது என்று திரும்பத் திரும்ப அடித்து அனுப்பினேன். எட்டாவது கடிதத்துக்கு இறங்கி வந்தார்கள். நல்லெண்ணத்தோடு முழுத் தொகையும் தருவார்களாம், தவறு தங்களுடையதல்ல என்று பாலன் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். வாங்கிக்கொண்டு தலைமுழுகு என்றேன்.

"காசு வேணாங்கக்கா. நான் விட்டுக்குடுக்கலைன்னு ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்க. சந்திரன்கிட்ட காட்டணும்."

பைத்தியக்காரா என்று திட்டினேன். அவன் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்பதாவதை அடித்தேன்.

பணம் தர வந்தவர்கள் அந்த ஒரு வரிக்குப் பதிலே போடவில்லை. அடுத்த திவசத்துக்கும் சந்திரன் அண்ணனைக் கூப்பிடவில்லை.