ஆமானின் மூடிய காது

ஊர்காவற்றுறையில் என் பேக்கரிப் போறணைக்குள் பிறத்தியார் தட்டு நுழைவது வருடத்தில் ஒரு கிழமைதான். நத்தாருக்கு முதல் கிழமை வேதக்காரப் பெண்கள் கேக் கலவையைத் தட்டில் ஊற்றிக்கொண்டு வருவார்கள். பாண் இறக்கியபின் மிஞ்சுகிற சூட்டில் வேகவைத்துக் கொடுப்பேன். மற்ற நாட்களில் யார் வந்து கேட்டாலும் ஏலாது என்று சொல்லிவிடுவேன். செல்வரத்தினம் எரிச்சல் பிடித்த மனிசன் என்று பெயரும் எடுத்தாயிற்று. அந்தப் பெயரால் எனக்குத் தொல்லை குறைந்திருக்கிறதே தவிர நட்டம் ஒன்றுமில்லை.

போன பங்குனியில் ஒரு நாள், காலைப் பாண் இறக்கி முடிந்த நேரம், மேரிசுகந்தி வந்து நின்றாள். ஒரு கையில் ஈரத்துணியால் மூடிய மாச்சட்டி, மறு கையில் ஒரு தகரப் பேணி. முகம் வீங்கியிருந்தது. தவக்காலம் நடக்கிறது, அந்த நாற்பது நாளும் இனிப்பையே தொடாத பெண் அவள். கடையில் ஒரு சீனிப் பணிசைக் கொடுத்தாலும் உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு தாருங்கோ என்பாள்.

தவசு நாளில் பலகாரமா என்று கேட்டேன்.

"எனக்கில்லை அண்ணை. ஹைஃபாவில இருக்கிற என்ர அம்மாவுக்கு. இண்டைக்கு அவையளுக்குப் பூரிம்."

சுகந்தியைத் தெரிந்தவர்களுக்கு இந்த அம்மாவையும் தெரியும். பெயர் ரிவ்கா. சுகந்தி இஸ்ரேலுக்குப் போய்ப் பதினொரு வருடம் பராமரித்த யூத மூதாட்டி. குளிப்பாட்டுவது, தலைவாருவது, நடத்திக்கொண்டு போய்க் கடல் காட்டுவது எல்லாம் இவள்தான். அந்த உழைப்பில்தான் இங்கே அவள் கணவன் குருசுமுத்து வள்ளத்துக்கு எஞ்சின் பூட்டினான், மகள் ஆசிரியை ஆனாள். இரண்டு வருடத்துக்கு முன் குருசுமுத்துவுக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. ஊரார் வீட்டு நோயாளியை விட்டுவிட்டுத் தன் வீட்டு நோயாளியைப் பார்க்க வந்தாள்.

புறப்படுகிற அன்று ரிவ்கா வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எத்தனை நாளில் வருவாய் என்று கேட்டாளாம். மூன்று மாதம் என்று சொல்லிவிட்டாள் சுகந்தி. சொல்லும்போதே வரமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். ஊருக்கு வந்த முதல் ஞாயிறே சாமியாரிடம் அதைப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். இனிப் பொய் சொல்லமாட்டேன் என்று நேர்ந்தும் கொண்டாள். அப்படியும் அந்த மூன்று மாதம் அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. பாண் வாங்க வரும்போதெல்லாம் ஏதோ ஒரு பேச்சில் அது வந்துவிடும்.

இப்போது ரிவ்காவுக்கு ஞாபகம் தவறிவிட்டது. ஐந்து நாளாகச் சாப்பிட மறுக்கிறாளாம். புதிதாக வந்த பெண் கரண்டியைக் கொண்டுபோனால் வாயை இறுக மூடிக்கொள்கிறாளாம். ரிவ்காவின் மகள் ஓர்னா முதல்நாள் தொலைபேசியில் படத்தோடு அழைத்து, நீ சொன்னால் சாப்பிடுவாள் என்று தாயின் முன்னால் பிடித்திருக்கிறாள். ரிவ்கா சுகந்தியின் முகத்தை வடிவாகப் பார்த்துவிட்டு, யார் இந்தப் பெண் என்று மகளிடம் கேட்டிருக்கிறாள்.

"முகத்தை மறந்தாலும் பலகாரத்தை மறக்கமாட்டா அண்ணை. சின்னனில தாயோட இருந்து செய்தது. நான் அவவுக்கு முன்னால செய்து காட்டப்போறன்."

ஒரு தட்டுத்தான் என்று கடுமையாகச் சொல்லிவிட்டு மேசையைத் துடைத்துக் கொடுத்தேன். எனக்கு அவளைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அந்தப் பலகாரத்துக்கு ஆமானின் காது என்று பெயர். யூத சனத்தை அழிக்க நினைத்த மந்திரி ஆமான். எஸ்தர் அரசி அவர்களைக் காப்பாற்றிய நாள்தான் பூரிம். வட்டமாக வெட்டிய மாவின் நடுவில் கறுப்பு இனிப்பை வைத்து, மூன்று பக்கமும் உயர்த்தி மூலைகளைக் கிள்ளவேண்டும். நடு திறந்திருக்கவேண்டும், உள்ளே இருப்பது தெரியவேண்டும். அவர்கள் கசகசாவை அரைத்து வைப்பார்களாம். இவள் அதற்குப் பதிலாக, வேலணையில் வாங்கிய பனம்பழப் பாணிப்பனாட்டைப் பிசைந்து பேணியில் கொண்டுவந்திருந்தாள். கறுப்பு கறுப்புத்தானே என்றாள்.

மாவைத் தட்டிக்கொண்டே முதல் வருடக் கதையைச் சொன்னாள். ரிவ்கா அப்போது கணவனை இழந்து ஐந்து மாதம். யாரோடும் பேசுவதில்லை. பண்டிகைக்கு நீயே செய் என்று மாவையும் இனிப்பையும் காட்டிவிட்டுப் படுத்துவிட்டாள். நம் ஊர்க் கைக்கு என்ன தெரியும்? இனிப்போ இறைச்சியோ உள்ளே வைத்தால் பற்றீஸ் மாதிரி மடித்து, ஓரத்தைப் பின்னி, இடைவெளி இல்லாமல் மூடத்தான் தெரியும். மூடாவிட்டால் எண்ணெயில் வாய் பிளந்துவிடும். சுகந்தி நாற்பது காதையும் அப்படியே பின்னி மூடிச் சுட்டு வைத்தாள். எழும்பி வந்து பார்த்த ரிவ்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம்.

"நான் வெக்கத்தில செத்துப்போனன் அண்ணை. அதுக்குப் பிறகு ஒண்டைக்கூட மூடினதில்லை."

பதினொன்றரைக்கு ஓர்னா அழைத்தாள். அங்கே காலைச் சாப்பாட்டு நேரம். தொலைபேசியை மாப்பேணியில் சாய்த்து வைத்தோம். கதிரையில் ரிவ்கா தெரிந்தாள். மெலிந்த முகம், சீவிய வெள்ளைத் தலை. பக்கத்தில் ஓர்னா கடையில் வாங்கிய காதுகளை ஒரு கோப்பையில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

சுகந்தி அவர்கள் பாஷையில் பேசிக்கொண்டே மடித்தாள். ஒன்று, இரண்டு, ஆறு, பத்து. ஒவ்வொன்றும் மூன்று மூலையும் ஒத்து, அச்சில் வார்த்ததுபோல வந்தது. ரிவ்கா யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர்னா ஒன்றை எடுத்து உதட்டருகில் கொண்டுபோனாள். ரிவ்கா வாயை இறுக மூடிக்கொண்டாள்.

சுகந்தியின் குரல் உடைந்துவிட்டது. ஆனால் கை நிற்கவில்லை. கண்ணீரில் அவளுக்கு எதுவும் தெரிந்திருக்காது. கை அதன் பழக்கத்தில் ஒரு வட்டத்தை எடுத்தது, பனாட்டை வைத்தது, இரண்டாக மடித்தது, ஓரத்தைப் பின்னிக்கொண்டு போனது. முப்பது நத்தாருக்குப் பற்றீஸ் மடித்த கை அது.

"சுகந்தி, அதை மூடிப்போட்டீர்" என்றேன்.

அவள் பதறி அதைப் பிரிக்கப் போனாள். அதற்குள் தொலைபேசியில் ஏதோ சத்தம். ரிவ்கா முன்னால் குனிந்திருந்தாள். அவள் விரல் தொலைபேசிக் கண்ணாடியைத் தட்டியது. பிறகு சிரித்தாள். பல்லில்லாத வாயால், தோள் குலுங்க, நல்ல சிரிப்பு. இரண்டு சொல் சொன்னாள். ஓர்னா தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுகந்தி மூடியதைப் பிரிக்காமல் தட்டில் வைத்தாள். என்னவாம் என்று கேட்டேன்.

"ஆமானுக்கு இனிக் காது கேக்காதாம். முதல் வருசமும் இதைத்தான் சொல்லிச் சிரிச்சவ."

ரிவ்கா திரும்பவும் பேசினாள். இந்த முறை சிரிப்பில்லை, கேள்வி. கடைசியில் சுகா என்று இவள் பெயரைச் சொன்னது எனக்கே விளங்கியது. ஓர்னா பலகாரத்தை நீட்டினாள். ரிவ்கா வாயைத் திறக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தாள். சுகந்தி கையைச் சட்டையில் துடைத்தாள், தொண்டையைச் செருமினாள், தெளிவாக ஏதோ சொன்னாள். ரிவ்கா தலையாட்டிவிட்டு வாயைத் திறந்தாள். ஒன்று முழுதும் தின்றாள். அடுத்ததில் பாதியும் தின்றாள். நான் தட்டை எடுக்கவேண்டியதை மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். என் கண்ணும் நனைந்துதான் இருந்தது, மாவென்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

அழைப்பு நின்றபின் சுகந்தி மாமூட்டையின் மேல் இருந்துவிட்டாள்.

"மூண்டு மாதம் முடிஞ்சுதோ சுகா எண்டு கேட்டவ அண்ணை."

"நீர் என்ன சொன்னனீர்?"

"இன்னும் ஒரு கிழமை கிடக்கு, அதுக்குள்ள சாப்பிட்டுத் தேறி இருங்கோ எண்டு சொன்னனான்." விரலில் ஒட்டிய மாவை உரித்தாள். "ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் சாமியாரிட்டைப் போகவேணும்."

தட்டைப் போறணைக்குள் தள்ளினேன். அந்த மூடியதை மட்டும் சூடு சீராக நிற்கிற நடுவில் வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு, அடுத்த கிழமையும் இதே நேரம் மாவோடு வாரும் என்று அவளுக்குச் சொன்னேன். ஒரு கிழமை முடிந்தால் ரிவ்கா திரும்பக் கேட்பாள் அல்லவா.