சுலோசனா அக்காவின் முகமில்லாத பட்டணம்

அன்று காலை நான் முதலில் பார்த்தது அந்தப் பிரஷ்ஷைத்தான். சுலோசனா அக்காவின் சொல்யூஷன் டப்பாவில் அது நட்டுவைத்த குச்சி போல நேராக நின்றிருந்தது. மூடி போடாமல் விட்டதால் பசை காய்ந்து ரப்பராகிவிட்டது. அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை போலிருக்கிறது. பிரஷ்ஷைப் பிடித்து இழுத்தேன். டப்பாவும் சேர்ந்து கையோடு வந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தபோது தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மெஷின்கள் நின்றால் கரண்ட் போயிருக்க வேண்டும். ஆனால் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. சூப்பர்வைசர் எங்கள் மேசைக்கு வந்தார்.

"சுலோ போயிடுச்சும்மா. விடியக்காலம். வேலூர்லருந்து இப்ப தான் ஆள் வந்தாங்க" என்றார்.

மஞ்சள் காமாலை. நன்றாகத் தேறிவருகிறார் என்றுதான் முந்தின வாரம் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் கம்பெனியில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறோம். தைப்பதற்கு முன் ஓரங்களை மடித்துப் பசை போட்டு ஒட்டுகிற மேசையில் அக்காவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். கம்பெனியில் இருப்பவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கையெழுத்துப் பத்திரிகை படிப்பகத்துக்கு வருகிற எல்லார் கையிலும் போகும். அவரைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். நான் எட்டாவதோடு நின்றவள். எழுதித்தா என்றார்கள், சரி என்றேன். பேசு என்றிருந்தால் அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன்.

அக்காவை அவர் வீட்டு ஒற்றை அறையில் கிடத்தியிருந்தார்கள். பள்ளிகொண்டாவிலிருந்து வந்த அவர் வீட்டுக்காரரின் சொந்தக்காரப் பெண்கள் அழுவார்கள், பிறகு தலையைத் தூக்கிச் சுவரைப் பார்ப்பார்கள், பிறகு மறுபடி அழுவார்கள். ஒரு பெரியம்மாவால் கடைசியில் அடக்க முடியவில்லை.

"இன்னாடி இது? சாமி படம் ஒண்ணு காணோம். செவுறு முச்சூடும் கட்டடமா நிக்குது?"

சுவர் அப்படித்தான் இருந்தது. மாடி மேல் மாடியாகக் கட்டடங்கள். வளைந்து போகும் தார்ச்சாலை. வரிசையாக விளக்குக் கம்பங்கள். ஒரு பெரிய பாலம், இரண்டு மாடி பஸ், பாதி ரயில். கீழே தரையிலிருந்து மேலே உத்தரம் வரை ஒரு பட்டணம். அதில் ஒரு மனித முகம் கிடையாது.

அக்காவை எடுத்துக்கொண்டு போய்விட்டுத் திரும்பியதும், அவர் வீட்டுக்காரர் மாணிக்கம், வீட்டை வாடகைக்கு விட்டிருந்த ஜுலேகாம்மாவிடம் சொன்னார்: "காரியம் முடிஞ்சதும் நான் ஊருக்குப் போயிடறேன்மா. அதுக்கு முன்ன இத கிழிச்சுப் போட்டுட்டு வெள்ள அடிச்சுக் குடுத்துடறேன். சாவு வூட்ட அப்பிடியே வுட்டுட்டுப் போவக் கூடாது."

"ஆமாப்பா. அடிக்கத்தான் வேணும்" என்றார் ஜுலேகாம்மா.

கிழிக்காதீர்கள், அதை எனக்குக் கொடுங்கள் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அவர்கள் இருவரும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தார்கள். சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றிலிருந்து காரியம் வரை எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. சோறு பாதியில் நிற்கும், எழுந்து தெருமுனை வரை போவேன், திரும்பி வருவேன். கம்பெனியில் இடது ஓரத்துக்குப் பதில் வலது ஓரத்தை மடித்து ஒட்டித் திட்டு வாங்கினேன்.

அந்தப் பட்டணம் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

பஸ் ஸ்டாண்டு மதில் முழுக்க சினிமா போஸ்டர் ஒட்டுவார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி ஒட்டி அது அட்டை போலக் கனத்துவிடும். வெயிலில் உரித்தால் தூளாகும். பனி இறங்கிய காலையில் ஓரத்தைத் தூக்கினால் பாளம் பாளமாக வரும். அக்கா வேலைக்கு வருகிற வழியில் அதைச் செய்வார். படம் டாக்கீஸை விட்டுப் போனபிறகுதான் தொடுவார். ஒருநாள் போஸ்டர் ஒட்டுகிறவரிடமே மாட்டிக்கொண்டார். நானும் கூட இருந்தேன்.

"இன்னாம்மா, நான் ஒட்டிக்கினே வர்றேன், நீ உரிச்சிக்கினே வர்றே?"

"படம் தான் போயிடுச்சே அண்ணே. தெருவ மட்டும் குடுங்க."

"தெருவா? எந்தத் தெரு?"

அக்கா போஸ்டரைத் திருப்பிக் காட்டினார். நடிகரும் நடிகையும் கட்டிப்பிடித்து நின்றார்கள். அவர்கள் தோளுக்குப் பின்னால், விரல் அகலத்தில், மழையில் நனைந்த ஒரு கடைத்தெரு இருந்தது. நான் அந்தப் போஸ்டரைத் தினமும் பார்த்தவள். அந்தத் தெருவைப் பார்த்ததேயில்லை.

"ஹீரோ எல்லா ஊருக்கும் வருவான். தெரு தான் வராது" என்றார் அக்கா.

முதலில் கம்பெனி சொல்யூஷனைக் கொண்டுதான் சுவரில் ஒட்டினார். எங்களுக்குத் தெரிந்த பசை அதுதானே. தோலைப் பிடிக்கிற பசை காகிதத்தை விடுமா என்று நானும் நினைத்தேன். ஒரு வாரத்தில் எண்ணெய் ஊறியது போல நடுவானத்தில் பழுப்புத் திட்டுகள் கிளம்பின. "போனா போவுது, மழ வரப்போவுதுன்னு நெனச்சுக்கலாம்" என்றார். அப்புறம் அந்தப் போஸ்டர் ஒட்டுகிறவரிடமே கேட்டு, மைதா காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து ஒட்ட ஆரம்பித்தார். அந்தப் பழுப்பு வானம் மட்டும் கடைசி வரை அப்படியே இருந்தது.

முகங்களை வெட்டியதற்குக் காரணம் ஜுலேகாம்மா. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தொழுகிற அறை. வீடு விடும்போதே சொல்லிவிட்டார்: "மூஞ்சி வெச்ச படம் என் வூட்டுச் செவுத்துல கூடாது. மனுஷன் மூஞ்சியும் கூடாது, ஆடு மாடு மூஞ்சியும் கூடாது. மத்தபடி உன் இஷ்டம்." அக்கா முருகன் படத்தை அலமாரிக்குள் வைத்துக் கதவை மூடிக்கொண்டார். போஸ்டரில் இருந்தவர்களைக் கம்பெனிக் கத்தரியால் ஓரம் பிசகாமல் வெட்டியெடுத்தார். கம்பெனியில் இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. "ஊரே ஹீரோவ வெட்டி ஒட்டிக்குது, இது ஹீரோவ வெட்டி அடுப்புல போடுது" என்று சூப்பர்வைசர் சொல்லுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜுலேகாம்மா உள்ளே வந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுவரை ஒரு கோடியிலிருந்து பார்த்துக்கொண்டே போனார். இரண்டு மாடி பஸ்ஸில் வந்ததும் நின்றார்.

"சுலோ, இது இன்னா?"

பஸ் ஜன்னலில் கடுகளவு ஒரு தலை.

"அய்யோ! டிக்கெட் இல்லாம ஏறிட்டான்மா. இருங்க, எறக்கி வுடறேன்" என்று அக்கா அந்த ஜன்னலில் கருப்புத் தோல் துண்டு ஒன்றைக் கத்தரித்து ஒட்டினார். ஜுலேகாம்மா சிரித்துவிட்டார். அதன் பிறகு தன் மகன் லாரி ஆபீசிலிருந்து கொண்டுவந்த பம்பாய்க் கடற்கரைக் காலண்டரை அவரே அக்காவுக்குக் கொடுத்தார். அதில் இருந்த பெண்ணை அவரே வெட்டிவிட்டுத்தான் கொடுத்தார்.

அக்காவால் சும்மா இருக்க முடியாது. ஒட்டிய தெருவையே நனைத்து எடுத்து வேறு பக்கம் திருப்புவார். பாலத்தை மூன்று இடம் மாற்றினார். மாணிக்கம் மாமா தோல் பதனிடுகிற ஷாப்பில் டிரம்மிலிருந்து ஈரத்தோலை இழுத்துப் போடுகிற வேலை முடிந்து நாற்றத்தோடு வந்து நிற்பார். "இது வூடா, முனிசிபாலிட்டியா? நேத்து ரோடு இங்க இருந்துச்சு, இன்னிக்குக் காணோம்" என்பார். "வேலைக்குப் போயிருக்குது, வரும்" என்பார் அக்கா. எனக்கு அந்த வீட்டில்தான் சிரிப்பு வரும்.

ஒரே ஒரு முறை மாமாவோடு ஒரு கல்யாணத்துக்காக அக்கா மெட்ராஸ் போனார். திரும்பி வந்த மறுநாள் மேசையில் எல்லோரும் சூழ்ந்துகொண்டோம்.

"கட்டடமெல்லாம் நம்ம செவுத்துல இருக்கற மாதிரி தான். ஆனா இன்னா ஜனம்டி! எதுவும் நிக்கறதில்ல. எல்லாம் எங்கியோ போய்க்கினே இருக்குது. எனக்கு அது தான் புடிச்சுது" என்றார். அப்புறம் முகம் வாடி, "நம்ம தெருவுல தான் ஒருத்தரும் இல்ல. பாவமா இருக்குது" என்றார்.

அன்று சாயங்காலமே ஜுலேகாம்மாவிடம் போனார்.

"அம்மா, செருப்புக்கு மூஞ்சி உண்டா?"

"செருப்புக்கு ஏதுடி மூஞ்சி?"

"அப்ப ஒட்டலாம் இல்ல?"

ஜுலேகாம்மா யோசித்தார். "ஒட்டு. ஆனா மேக்கே பாக்க வெக்காத. நான் தொழுவற தெச."

வெட்டி விழுகிற தோல் துண்டுகளில் கட்டைவிரல் நகத்தளவுக்கு ஜோடி ஜோடியாகச் செருப்பு வெட்டினார் அக்கா. எங்கள் மேசையில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி, அவரவர் போட்டிருக்கும் நிறத்தில். எங்கே நிற்க வேண்டும் என்று அவரவர் சொல்ல வேண்டும். ஒருத்தி டாக்கீஸ் வாசல் என்றாள். ஒருத்தி பிரியாணிக் கடை என்றாள். சூப்பர்வைசரின் ஷூவைப் பாலத்து நடுவில் தனியாக விட்டார்கள். எல்லாச் செருப்புகளும் கிழக்கே பார்த்திருந்தன. மெட்ராஸ் போகிற திசை அது.

என் முறை வந்தது. "நீ எங்கடி நிக்கிறே?" என்றார். எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் எல்லோரும் என்னையே பார்த்ததால் வாய் வரவில்லை. "எங்கயாச்சும் ஒட்டுங்கக்கா" என்றேன்.

"ஒட்ட மாட்டேன். கால் உன்னுது. நீ வாயத் தொறக்கற அன்னிக்குத் தான் உனக்குச் செருப்பு" என்றார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய நாளிலும், கண் மஞ்சளாக, ஜட்கா வண்டியில் உட்கார்ந்தபடி அதையே கேட்டார்: "இன்னா, எடம் பாத்துட்டியா?" வந்ததும் சொல்கிறேன் என்று தலையை ஆட்டினேன்.

காரியம் முடிந்த மறுநாள் வேலைக்குப் போகாமல் அந்த வீட்டுக்குப் போனேன். வாசலில் சுண்ணாம்பு வாளி இருந்தது. மாணிக்கம் மாமா ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு சுவரின் மூலையைச் சுரண்ட ஆரம்பித்திருந்தார். இருந்த பாதி ரயிலிலும் பாதி போய்விட்டது.

"மாமா, கிழிக்காதீங்க" என்றேன்.

அவர் திரும்பினார். "இன்னா சொன்னே?"

"எனக்கு வேணும். தண்ணி காட்டினா பாளமா வரும். அக்கா அப்பிடித்தான் எடுக்கும்."

"இவ்ளோ நாளா நீ ஊமையோன்னு நெனச்சேன்" என்றார். பிறகு கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, கோணிகளை நனைத்துக் கொண்டுவந்தார். ஈரத்தோலோடு வாழ்கிறவர். சுவரில் கோணியை எப்படிச் சாத்த வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து, அவசரப்படாமல் கீழ்நோக்கி இழுத்தார். பட்டணம் முதுகைக் காட்டிக்கொண்டு வந்தது.

பாதியில் இரண்டாகப் பிரிந்தது. மேல்தாள் அவர் கையிலும் அடித்தாள்கள் சுவரிலுமாக நின்றன. அப்போது தெரிந்தது. பஸ் ஸ்டாண்டு மதிலிலிருந்து பாளமாக வந்தவை அல்லவா? மேலே இருந்த முகங்களைத்தான் அக்கா வெட்டினார். அடியில் இருந்த போஸ்டர்களை யாரும் பார்க்கவில்லை. கடைத்தெருவுக்கு அடியில் ஒரு வில்லன் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தான். பாலத்துக்கு அடியில் ஒருவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். ஒரு நடிகை கண்ணீரோடு நேராக எங்களைப் பார்த்தாள்.

சத்தம் கேட்டு வந்த ஜுலேகாம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யா அல்லா! சுலோ! எனக்குத் தெரியாம ஒரு டாக்கீஸே நடத்தினியாடி?"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மாமாவும் சிரித்தார். அப்புறம் அந்த ஈரத் தாளைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து, அக்கா போன நாளில்கூட அழாத அவர், குரலெடுத்து அழுதார். நானும் ஜுலேகாம்மாவும் ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம். விட்டால் கிழிந்துவிடும்.

முழுவதும் வரவில்லை. பாலமும் கடற்கரையும் கூழாகிவிட்டன. இரண்டு மாடி பஸ் நின்ற தெருவும், பழுப்பு வானத்தில் ஒரு துண்டும் மட்டும் உருப்படியாக எனக்குக் கிடைத்தன. மிச்சத்தின் மேல் மத்தியானம் சுண்ணாம்பு அடித்தார்கள்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தத் துண்டு. அதோடு ஒரு பழக்கமும் இருக்கிறது. இப்போதெல்லாம் போஸ்டரைப் பார்த்தால் அதில் நிற்பவர்களை விட்டுவிட்டு, அவர்கள் தோளுக்குப் பின்னால் தெரு எங்கே போகிறது என்று பார்க்கிறேன்.

எங்கள் வீடு மண்சுவர், காகிதம் ஒட்டாது. கதவின் உள்பக்கத்தில் மைதா காய்ச்சி ஒட்டினேன். "கதவுல இன்னாடி பஸ்ஸு?" என்று அம்மா கேட்டாள். பதில் சொன்னேன். பிறகு கம்பெனியில் பொறுக்கிய தோல் துண்டில், என் செருப்பின் நிறத்திலேயே, நகத்தளவுக்கு ஒரு ஜோடி வெட்டி, பஸ் படிக்கட்டுக்குப் பக்கத்தில், கிழக்கே பார்க்க ஒட்டினேன்.