டெல்ஃபினுக்குப் படம் மட்டும் போதும்

என் தம்பி டெல்ஃபின் வென்றவற்றைச் சொல்கிறேன். இரண்டு வயதில் வந்த மூளைக்காய்ச்சலை வென்றான். அது செவியை எடுத்துக்கொண்டு உயிரை விட்டுவிட்டுப் போயிற்று. பிலிப்பைன்ஸில் எங்கள் கிமாராஸ் தீவின் மாந்தோப்புகளில், பூச்சி அண்டாமல் பிஞ்சுகளுக்குக் காகிதம் சுற்றுகிறவர்களிலேயே நுனிக்கிளை வரை போகிறவன் என்ற பெயரை வென்றான். "ஊமைக்கு யார் பெண் கொடுப்பார்கள்" என்று கேட்ட ஊரில் மரிஸெலின் மனதை வென்றான். முப்பத்துநான்கு வயதில் எழுத்தை வென்றான்.

கடைசி வெற்றிதான் எல்லாவற்றிலும் கடினமானது. பிஞ்சு சுற்றுவது பழைய செய்தித்தாளில். நாள் முழுக்க அதைக் கையில் வைத்திருந்தவனுக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. கூலி வாங்கும்போது கட்டைவிரலை மைப்பெட்டியில் அழுத்துவான். பிறகு தோல் சிவக்கும்வரை கால்சட்டையில் தேய்ப்பான்.

அக்கரையில் இருக்கும் இலோய்லோ நகரத்திலிருந்து சொலேடாட் டீச்சர் மாதம் ஒரு சனிக்கிழமை படகில் வரத் தொடங்கினார். காது கேளாதவர்களுக்குக் கைச்சைகையால் எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். மீன் விற்கும் நெலியாவும், படகுக்கு வண்ணம் அடிக்கும் ரூஃபோவும் டெல்ஃபினோடு சேர்ந்தார்கள். அடுத்த வருகை வரை பார்த்துப் பழக, வீடியோ பாடங்களை ஒரு பழைய லேப்டாப்பில் போட்டு எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: மூவரும் பாடத்தை முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தச் சனிக்கிழமை, வரிசையில் காத்திருக்கும் வேறு ஊருக்குப் போய்விடும்.

ஜூன் மழையில் லேப்டாப்பின் திரை இருண்டுவிட்டது. உள்ளே விசிறி சுற்றும் சத்தம் எனக்குக் கேட்டது, படம் இல்லை. பாதிப் பாடம் மிச்சமிருந்தது. டெல்ஃபின் அதைச் சாக்கில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு மனாங் பெலெனின் மளிகைக் கடைக்கு நடந்தான்; வயதில் மூத்த பெண்களை எங்கள் ஊரில் 'மனாங்', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். நானும் நெலியாவும் ரூஃபோவும் பின்னால் போனோம். கடைக்குள் ஒரு டிவி இருந்தது. ரிமோட் மேல் சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூட மனாங் பெலென் பிரித்ததில்லை.

பாட்டுப்பெட்டி வாடகைக்கு விடும் டிட்டோவைக் கூப்பிட்டோம். கல்யாணம், பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் பெட்டியையும் மைக்கையும் டிவியோடு இணைப்பவன் அவன்தான். லேப்டாப்பின் ஓட்டையையும் டிவியின் ஓட்டையையும் மாறிமாறிப் பார்த்தான்.

"மனாங், இது அகலம், அது ஒல்லி. மாமியாரும் மருமகளும் மாதிரி. நேரா வச்சா ஒட்டாது," என்றான் என்னிடம்.

ஒரு முனை அகலமாகவும் மறுமுனை ஒல்லியாகவும் இருந்த கம்பி ஒன்று அவனிடமே இருந்தது. இரண்டு பக்கமும் கச்சிதமாகப் பொருந்தியதும் கைதட்டினோம். டிவியோ நீலமாகவே நின்றது. வெறும் கம்பி போதாது, நடுவில் படத்தை மாற்றித்தரும் சின்னப் பெட்டி வேண்டும் என்று சொல்லி, வீட்டுக்குப் போய் அதையும் கொண்டுவந்தான். அதை மாட்டியும் படம் வரவில்லை. டெல்ஃபின் அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த குளிர்பானப் பெட்டியின் முதுகைத் தொட்டான். கரண்டில் ஓடுகிற இது சூடு, அந்தச் சின்னப் பெட்டி சில்லென்று இருக்கிறது என்று எனக்குச் சைகை காட்டினான். சின்னப் பெட்டியிலிருந்து வால்போல ஒரு கம்பி சும்மா தொங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் நாங்கள் கவனித்தோம். டிட்டோ நாக்கைக் கடித்துக்கொண்டு அதை லேப்டாப்பில் செருகினான். சொலேடாட் டீச்சரின் இரண்டு கைகள் திரை முழுக்க விரிந்தன.

ஆனால் சத்தம் வரவில்லை.

டிட்டோவுக்கு அது மானப்பிரச்சினை. அவன் இணைத்த டிவி எதுவும் அதுவரை வாய்மூடி இருந்ததில்லை. பிளாஸ்டிக்கோடு ரிமோட்டை அழுத்தி ஒலியைக் கடைசி வரை ஏற்றினான். ஒவ்வொரு கம்பியாகப் பிடுங்கிச் செருகினான். ஒவ்வொரு தடவையும் படம் போய்ப்போய் வந்தது. டிவியின் முதுகில் தட்டிப் பார்க்கச் சொன்னார் மனாங் பெலென். நான் டார்ச் பிடித்தேன். மூன்று பேரும் வியர்த்துக் கொட்ட நின்றோம்.

"சத்தத்துக்குத் தனிக் கம்பி வேணும். இலோய்லோவுலதான் கெடைக்கும். அடுத்த வாரம் பாத்துக்கலாம்," என்று சொல்லி டிட்டோ எல்லாவற்றையும் கழற்றப் போனான்.

டெல்ஃபின் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். என்ன கெட்டுப்போயிற்று என்று என்னைக் கேட்டான். சத்தம் வரவில்லை என்று சைகை செய்தேன். அவன் என்னையே பார்த்தான். பிறகு அரிசி மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்த நெலியாவையும் ரூஃபோவையும் பார்த்தான். மூவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். ரூஃபோ தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். டெல்ஃபினின் கைகள் வேகமாக அசைந்தன.

"என்னவாம்?" என்றான் டிட்டோ.

"யாருக்குச் சத்தம் வேணுமோ அவங்க வெளிய போய்ப் பேசிக்குங்க, நாங்க படிக்கணும், மறைக்காதீங்கன்னு சொல்றான்," என்றேன்.

மனாங் பெலென் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வாங்குன நாள்லேருந்து இந்த டிவி என் தூக்கத்தக் கெடுத்துச்சு. இன்னைக்குத்தான் அதுக்கு நல்ல புத்தி வந்திருக்கு. தெனம் மத்தியானம் வரச் சொல்லு, புள்ள."

அப்படியே நடந்தது. மத்தியானம் மனாங் பெலென் ரேடியோ நாடகத்தை ஊர் கேட்க வைத்துக்கொண்டு அழுவார். அதே கடைக்குள் மூவரும் டீச்சரின் கைகளைப் பார்த்து எழுதுவார்கள். ஒருவருக்கும் இன்னொருவரால் தொந்தரவில்லை. வினிகர் வாங்க வந்தவர்கள்கூட நின்று இரண்டு எழுத்தைக் கையில் பழகிக்கொண்டு போனார்கள். டிட்டோ அந்தப் பெட்டியைத் திருப்பிக் கேட்கவே இல்லை. அந்தக் கடைக்காரம்மாவுக்கும் அந்தப் பையனுக்கும், கடல் கொந்தளித்தபோதும் வந்த டீச்சருக்கும் எங்கள் குடும்பம் எந்நாளும் நன்றி சொல்லும்.

டீச்சர் மீண்டும் வந்தபோது மூவரும் பாடத்தை முடித்திருந்தார்கள். சனிக்கிழமை எங்கள் ஊரிலேயே தங்கியது. அதற்கடுத்த வருகையில் அவர் வருகைத்தாளை நீட்டி, வழக்கம்போல மைப்பெட்டியையும் திறந்து வைத்தார். டெல்ஃபின் பெட்டியை மூடி அவர் பக்கமே தள்ளிவிட்டுப் பேனாவை எடுத்தான். மெதுவாக, ஒவ்வொரு எழுத்துக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினான். மரிஸெல் என் தோளைப் பிடித்திருந்தாள்.

அவன் முதன்முதலாகக் கையெழுத்திட்ட அந்த நாள் 2019 ஆகஸ்ட் 17.