அம்மா குறை சொன்ன காலேஜ்

தொண்ணூறுகளின் கடைசியில், பயோடெக்னாலஜி இன்ஜினியரிங் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது எங்கள் மீனவ ஊரான நல்லவாட்டில் யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. எனக்கும் அரைகுறைதான். ஆனால் படித்தால் அதைத்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அம்மாவுக்குப் பிடித்த காலேஜாக இருந்தால் போ என்று சொல்லிவிட்டு, அப்பா கடலுக்குப் போய்விட்டார்.

அம்மா கரையில் மீன் எடுத்து பாகூரில் விற்பவள். நல்ல மீனைக் கண்டால் வாயாரத் திட்டுவாள். செவுள் வெளுத்துவிட்டது, வயிறு தளர்ந்துவிட்டது என்று அடுக்கிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுவாள். நாலடி போவதற்குள் படகுக்காரர்கள் விலையைக் குறைத்துப் பின்னாலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள். வேண்டாத மீனை மட்டும், நல்ல மீன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

முதலில் பார்த்த காலேஜில் வாசலிலேயே நீரூற்று. லேபைக் காட்டச் சொன்னால், சாவி வைத்திருப்பவர் லீவு என்றார்கள். ரொம்ப நல்லா இருக்குதுங்க என்றாள் அம்மா. இது தேறாது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

இரண்டாவது காலேஜுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஆனால் லேபில் பிள்ளைகள் குடுவையும் கையுமாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒரு சீட்தான் மிச்சம் என்றார் துறைத் தலைவர். அம்மா ஆரம்பித்தாள். குழாய் ஒழுகுகிறது, சுவருக்கு வெள்ளையடிக்கவில்லை, ஹாஸ்டல் ஜன்னலுக்குக் கொக்கி இல்லை. ஒவ்வொரு குறைக்கும் என் மனசு குளிர்ந்தது. கடைசியில், வாடி போலாம் என்று எழுந்து நடந்தாள்.

வராந்தாவைத் தாண்டினோம். வேப்பமரத்தையும் தாண்டினோம். யாரும் கூப்பிடவில்லை. கேட் பக்கத்தில் அம்மா செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்தாள். உள்ளே பியூன் வேறொரு பெண்ணைக் கூப்பிடுவது கேட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இன்னாடி, இங்கெல்லாம் கூப்புட மாட்டாங்களா?"

"மாட்டாங்கம்மா. வேணாம்னு போயிட்டோம்னு நெனச்சுப்பாங்க."

வேண்டாமென்று நடந்துவிட்ட இடத்துக்கு அம்மா திரும்பிப் போனதை அதுவரை நான் பார்த்ததில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். அந்தப் பெண் நாற்காலியில் உட்காருவதற்குள் மேசை முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"சார், புடிச்சதாலதான் கொற சொன்னேன். புடிக்கலன்னா நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். அந்தப் பெண் கெமிக்கலுக்கு வந்தவளாம். சீட் எனக்குத்தான்.

ஹாஸ்டலில் விட வந்த அன்று அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். எண்ணெய் காணாத தலை, ஒட்டிப்போன கன்னம், பையைக்கூட ஒழுங்காகத் தூக்கத் தெரியவில்லை என்று ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தாள்.

வேப்பமரம் வரைக்கும் பொறுத்தேன். பிறகு கூப்பிட்டேன்.