பட்டாத் தெருவில் பாய் விரிக்க இடமில்லை

"வீட்ட விட்டு வெளிய போன்னு சொல்ற அதிகாரம் இனி எந்தக் கொம்பனுக்கும் கிடையாது!" என்று மாமா மைக்கில் முழங்கியபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அதே மாமா, அதே வாரத்தில்தான், தன் பிள்ளையை வீட்டை விட்டு வெளியே போகச் சொல்லியிருந்தார். அந்தப் பிள்ளை மேடைக்குப் பின்னால், சவுண்டு சர்வீஸ்காரரின் பெட்டிகளுக்கு நடுவே, மடியில் பள்ளிக்கூடப் பையோடு உட்கார்ந்திருந்தாள். கூட்டம் கை தட்டியது. பழக்கதோஷம், அவளும் தட்டினாள்.

மேடைக்குப் பக்கத்திலேயே சங்கக் கட்டடம். மின்விசிறி, குழாய், கக்கூஸ் எல்லாம் உண்டு. பூட்டிக் கிடந்தது. சாவி மாமாவின் இடுப்பில். இடம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, நடுவில் ஒரு பூட்டு. இதைத் திறப்பதா கஷ்டம் என்று நினைத்தேன்.

எங்கள் தெரு மன்னார்குடிக்குத் தெற்கே. ஒரு காலத்தில் தெரு முழுக்க ஒரே மிராசுதாரின் இடம். கூலி கூடக் கேட்டால் பொழுது சாய்வதற்குள் கீற்றைப் பிரித்துப் போட்டுக் குடும்பத்தைக் களத்துமேட்டில் நிறுத்திவிடுவார்கள். பிறகு சங்கம் வந்தது, சண்டை வந்தது, சட்டம் வந்தது, குடியிருந்த மனைக்குப் பட்டாவும் வந்தது. அந்த நாளைத்தான் வருசா வருசம் கார்த்திகை மழையில் நனைந்துகொண்டு கொண்டாடுகிறோம். அந்தச் சண்டைக்கு ஒரு முறை இருந்தது. துரத்தப்பட்டவர்கள் மிராசுதாரின் தரிசில் நுழைந்ததும் கொடி நடுவதற்கு முன்னால் அடுப்பு மூட்ட வேண்டும். மூன்று செங்கல், ஒரு பானை, உலை. சோறு கொதிக்கிற அடுப்பை உதைக்க மிராசுதாரின் அடியாளே தயங்குவானாம். அடுப்பு புகைந்துவிட்டால் அது வீடு. இந்தக் கதையை ஊட்டித்தான் எங்களை வளர்த்தார்கள்.

இப்போது அவளைப் பற்றி. மாமா எனக்குத் தூரத்து உறவு, சங்கத்தின் கிளைச் செயலாளர். அவருடைய ஒரே மகன் என்று தெரு நினைத்திருந்தது. பிளஸ் டூ படிக்கிற அந்தப் பிள்ளை, மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் போய், "நான் பொண்ணும்மா" என்றிருக்கிறாள். "மொதல்ல அந்தச் சட்டிய எடு" என்றாளாம் அத்தை. அத்தையோடு போயிருந்தால் விஷயம் குழம்பில் கரைந்திருக்கும். மாமா வாசலில் நின்று கேட்டுவிட்டார். பையும் செருப்பும் தெருவுக்கு வந்தன.

எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அண்ணனுக்குப் பெண் பார்க்கும் நேரம். "பொண்ணு வீட்டுக்காரங்க வந்து போற எடம்டி, இதுக்கு நான் என்னன்னு சொல்லுவேன்?" என்று அம்மா ஓயாமல் புலம்பினாள். எம்.எஸ்சி. படிக்க வைத்த மகளை விட, இன்னும் முகம் பார்க்காத மருமகளின் அப்பாவுக்கு எங்கள் வீட்டில் செல்வாக்கு அதிகம்.

அதற்குள், போனில் மட்டும் பழக்கமான ஒருவன் அவளுக்குப் போன் மேல் போன். சென்னைக்கு ரயிலேறினால் வேலை வாங்கித் தருவானாம். என்ன வேலை என்று கேட்டால், "வா, சொல்றேன்." பரீட்சை முடியும் வரை தலைக்கு மேல் ஒரு கூரை, இல்லையென்றால் அந்த ரயில். வேறு வழி அவளுக்கு இல்லை.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரித்தேன். பதினெட்டு ஆகவில்லை, ஆண் பிள்ளைகள் இல்லத்தில் சேர்க்கலாம், முடியை மட்டும் வெட்டிவிடுவார்கள் என்றார் ஒரு மகானுபாவர். மட்டுமாம்.

மாமாவிடம் போனேன்.

"சாவி குடுங்க மாமா. பரீட்சை முடியிற வரைக்கும் சங்கத்துல தங்கிக்கட்டும்."

"அது கூலிக்காரங்க கட்டடம்மா. சத்திரம் இல்ல."

"போன நடவுக்கு நாத்து பறிச்சாளே, அது கூலி வேலை இல்லியா?"

"பறிச்சான்."

"சரி, பறிச்சான். பறிச்சவனுக்குக் குடுங்க."

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அதை மறைக்கத் துண்டை உதறித் தோளில் போட்டார். "கமிட்டி கூடணும்."

"எப்ப கூடும்?"

"அறுப்பு முடியட்டும்."

அடைமழையில் கூரை கேட்டால் அறுவடைக்குப் பின் ஆலோசனை. எந்த மிராசுதாருக்கும் இவ்வளவு நாகரிகமாக, "இல்லை" என்று சொல்லத் தெரிந்திருக்காது.

அடுத்து ஆளுங்கட்சியின் ஒன்றியச் செயலாளர். சுயமரியாதை என்ற சொல்லை வெற்றிலைக்குப் பதிலாக மெல்லுகிறவர். காபி வரவழைத்தார். "அவங்களுக்கு திருநங்கைன்னு கௌரவமா பேர் வெச்சதே எங்க ஆட்சிதாம்மா, தெரியுமா ஒனக்கு?" என்றார். பெயர் வைத்தார்கள், சரி. அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு எங்கே படுப்பது? கேட்டேன். யோசித்தார். பொங்கலுக்கு ஒரு விழா எடுப்பதாகவும், மேடையில் புடவை தருவதாகவும், மந்திரியை அழைக்கப் பார்ப்பதாகவும் சொன்னார். "புள்ள போட்டோவுல நல்லா விழுவுமா?" என்று ஒரு சந்தேகம் வேறு.

"புடவை எனக்கு வேணாங்கா, கெமிஸ்ட்ரி கைடு இருந்தா கேளு" என்றாள் அவள், நான் வந்து சொன்னபோது.

அப்போதுதான் எனக்கு வெறி ஏறியது. எந்த முறையில் இந்தத் தெரு வந்ததோ, அதே முறை. மறுநாள் மத்தியானம் எல்லோரும் பார்க்கச் சங்கக் கட்டடத்து வராந்தாவில் மூன்று செங்கல் வைத்தோம். அவள் கொடி வேண்டாம் என்றாள். சுள்ளி ஈரம், கண்ணைக் கரித்தது. ஆனாலும் புகைந்தது. உலை கொதித்தது. சோறு கொதிக்கிற பானையை எங்கள் தெருவில் எவனும் தொட மாட்டான் என்று சத்தியமாக நம்பினேன். இப்படியொரு நம்பிக்கை எங்கள் தெருவில் பிறந்த முட்டாளுக்கு மட்டுமே வரும்.

மாமா வந்தார். பானையைப் பார்த்தார். உதைக்கவில்லை, தியாகப் பரம்பரை அல்லவா? சைக்கிளை எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போனார். சங்க இடத்தில் ஆக்கிரமிப்பு என்று புகார் சொல்லி, தலையாரியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆக்கிரமிப்பு! மிராசுதார் எங்கள் மேல் போட்ட அதே சொல். இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்து, சொந்தப் பிள்ளை மேல் போட்டார்.

தலையாரி வாளியில் தண்ணீரோடு நின்றார். தெரு கூடிவிட்டது. கொண்டாட்டத்தில் கை தட்டிய அத்தனை கைகளும் இடுப்பில்.

"சோறு வெந்துடட்டும்ப்பா, பாவம்" என்றாள் ஒருத்தி.

"ஆமா, வெந்துடட்டும்" என்றார் மாமாவும்.

வெந்தது. வடித்தோம். அதன் பிறகு அடுப்பில் தண்ணீர் ஊற்றினார்கள். எங்கள் ஊர்ப் பண்பாடு இதுதான். துரத்துவோம், ஆனால் பசியோடு துரத்த மாட்டோம். கூட்டத்திலிருந்து அத்தை மட்டும் ஊறுகாயைக் காகிதத்தில் மடித்து அவள் கையில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனாள். அதுவும் ஒரு வீரம்தான், என்ன செய்வது.

அன்று பொழுது சாயும்போது அவள் ரயில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். போனைப் பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்தில் என் கல்லூரித் தோழியின் உம்மாவை அழைத்தேன். முத்துப்பேட்டையில் வீடு. கணவர் துபாயில். மாடி கட்டிய நாளிலிருந்து பூட்டியே கிடக்கிறது. மிராசுதாரில் ஆரம்பித்து நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் குறுக்கே வந்தார்.

"ஏம்புள்ள, அந்தப் புள்ளைக்குச் சமைக்கத் தெரியுமா?"

"தெரியும்மா."

"அப்ப ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வா, பாப்போம். துபாய்ல இருக்கறவங்ககிட்ட நான் போன்ல பேசிக்கிறேன். நீ பேசுனீன்னா கெடுத்துடுவே."

சரி என்று சொல்லவில்லை அவர். பார்ப்போம் என்றுதான் சொன்னார். ஆனால் கமிட்டி கூட வேண்டும் என்று சொல்லவில்லையே. வகுப்புத் தோழியை விரும்பியதற்காக வீட்டில் அடித்துத் துரத்தப்பட்ட பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி, திருவாரூரில் துணிக்கடைப் பின்கட்டில் படுத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் சொல்லியாகிவிட்டது. மாடியில் இரண்டு அறை. இருவருக்கும் போதும், நாளைக்கு யாராவது பையோடு வந்து நின்றால் அவர்களுக்கும் போதும்.

திருவாரூர்க்காரி மன்னார்குடியில் வந்து சேர்ந்துகொள்ள, ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் மூவரும் போகிறோம். அது வரை வீட்டில் என் அறைக் கதவை உள்ளே தாழிட்டு மாமா மகளை வைத்துக்கொள்ளப்போகிறேன், அண்ணனுக்குப் பெண் அமைந்தாலும் சரி, அமையாவிட்டாலும் சரி. உம்மாவிடம் எதைப் பேசக் கூடாது என்று அவள் எனக்கு இப்போதே பாடம் நடத்துகிறாள். மிராசுதார் கூடாது, சங்கம் கூடாது, ஆட்சி கூடாது.

"வேற என்னதாண்டி பேசுறது?"

"நீ பேசாதக்கா. நான் கேட்டுக்கிறேன்."